மூன்று தட்டு மன்றம்

நகர்மன்றச் செயலாளர் கதவைத் தட்டியபோது தையல்காரர் மூன்றாவது தட்டில் மீன் துண்டை வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க. வாழ்த்துச் சொல்ல வந்தீங்களா?"

அன்று காலையில்தான் இடைத்தேர்தல் முடிவு வந்திருந்தது. தையல்காரரின் மனைவி ஜெயித்திருந்தாள். நாள் முழுக்கக் கை குலுக்கியதில் வலது கை வீங்கி, இடது கையால் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

செயலாளர் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே மேசையைச் சுற்றியிருந்த தலைகளை விரல் விட்டு எண்ணினார். தையல்காரர், அவர் மனைவி, மாமியார். மூன்று. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாப் பேசிக்கிட்டிருக்கீங்க?"

"இப்பதான் உக்காந்தோம்."

"என்ன பேசினீங்க?"

மாமியார் தலையை நிமிர்த்தினார். தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்ற மறு மாதமே தேர்தலில் நின்று நகர்மன்றத் தலைவி ஆனவர். அவர் தலையை நிமிர்த்தினால் வரிசை தானாக நேராகும். "இது வீடா, போலீஸ் ஸ்டேஷனா? குப்பை வண்டி மூணு நாளா வரலையேன்னு பேசிக்கிட்டிருந்தோம். தப்பா?"

செயலாளர், நெருங்கிய உறவினர் இறந்த செய்தியைக் கேட்டவர் போலக் கண்ணை மூடினார்.

"அப்போ நடந்தே போச்சு."

"என்ன நடந்து போச்சு?"

"கூட்டம்."

கக்கத்திலிருந்து பழுப்பு அட்டை போட்ட விதிப் புத்தகத்தை எடுத்தார். பக்கத்தைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. புத்தகம் தானாக அந்த இடத்தில் திறந்துகொண்டது.

"மன்றத்துல மொத்தம் அஞ்சு பேர். அதுல மூணு பேர் ஒரு இடத்துல சேர்ந்து ஊர் விஷயம் பேசினா, அது மன்றக் கூட்டம். கூட்டம்னா ஒரு நாள் முன்னாடி அறிவிப்பு ஒட்டணும். கதவு திறந்திருக்கணும். யார் வேணும்னாலும் வந்து உக்காரலாம். பேசினது அத்தனையும் நான் மினிட்ஸ் புத்தகத்துல எழுதணும். நேத்து வரைக்கும் இந்த வீட்டுல ரெண்டு கவுன்சிலர். இன்னிக்கு மூணு. மூடின கதவுக்குள்ள மூணு பேர் குப்பையைப் பத்திப் பேசியிருக்கீங்க."

"பேசினா என்னவாம்?" என்றாள் மனைவி. பஸ் கண்டக்டர். கேள்வி கேட்டாலும், 'முன்னாடி போங்க' என்று சொல்வது போலத்தான் இருக்கும்.

"மூணு பேர் பதவியும் போயிடும்."

தையல்காரர் மீன் கரண்டியைக் கீழே வைத்தார்.

மற்ற இருவருக்கும் பதவி என்பது முதல் முயற்சியிலேயே கிடைத்த சாமான். அவருக்கு அப்படியில்லை. மூன்று முறை நின்று மூன்று முறை தோற்றவர். ஒரு முறை வாக்குப் பெட்டியைத் திறந்தபோது, அவர் அளவெடுத்த வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையில் கால்வாசிகூட வாக்கு வரவில்லை. நான்காம் முறை, போன வருஷம், பழைய மன்றத்தில் இருந்த அத்தனை பேரையும் ஜனங்கள் விளக்குமாறால் பெருக்குவது போலப் பெருக்கித் தள்ளியபோது, இவர் ஏழு வாக்கில் ஜெயித்தார். அந்த நாற்காலியில் உட்காருவதற்கென்றே சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டுத் தைத்துக்கொண்டார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு மன்றத்துக்கு நடக்கும்போது, ஊரின் தெருக்களெல்லாம் தன்னிடம் அளவெடுத்துக்கொள்ள வரிசையில் நிற்பதாக அவருக்குத் தோன்றும்.

அந்தக் கோட்டு போய்விடக் கூடாது.

"இன்னிக்குத் தெரியாம நடந்துபோச்சு சார். நாளையிலேர்ந்து வீட்டுல ஊர் விஷயமே பேச மாட்டோம். போதுமா?"

"பேசலைங்கறதுக்கு யார் சாட்சி?" என்றார் செயலாளர் வருத்தத்தோடு. "எவனாவது புகார் குடுத்தா நான் என்னன்னு பதில் சொல்றது? சரி, உங்களுக்காக ஒண்ணு செய்யறேன். சாப்பாட்டு நேரத்துல வந்து ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். பேசலைன்னு நானே எழுதி வச்சிட்டா எவன் கேக்கப்போறான்?"

நல்ல மனுஷன் என்று தையல்காரர் நினைத்தார்.

மறுநாள் எட்டு மணிக்குச் செயலாளர் வந்தார். மாமியார் ஒரு தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பாம்பைக் கண்டவர் போல அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஐயையோ, வேண்டாம்மா. அன்பளிப்பு வாங்கக் கூடாது."

"என் மேசையில ஒருத்தர் வெறும் வாயோட உக்காந்திருந்தா எனக்குத் தொண்டையில இறங்காது. தலைவியாச் சொல்றேன், சாப்பிடுங்க."

"தலைவி உத்தரவா?"

"உத்தரவுதான்!"

செயலாளர் பெருமூச்சு விட்டு, மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்துக்கொண்டே எழுதினார்: "தலைவியின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, செயலாளர் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தபின் இரண்டு துண்டு மீன் எடுத்துக்கொண்டார்."

ஊர் விஷயம் பேசாமல் சாப்பிடுவது சுலபம் என்றுதான் மூவரும் நினைத்திருந்தார்கள்.

"ஏங்க, தண்ணி எடுங்க," என்றாள் மனைவி.

பேனா நிமிர்ந்தது. "குழாய்த் தண்ணியா?"

"ஆமா. ஏன்?"

"குடிநீர் விநியோகம்," என்று எழுதினார் செயலாளர்.

வெளியே நாய் குரைத்தது. "சனியன், தினமும் இதே ரோதனை," என்றார் மாமியார்.

"தெருநாய்த் தொல்லை."

"வாசல்ல இருட்டா இருக்கேன்னு பாத்தேன்..." என்று ஆரம்பித்த தையல்காரர், பேனாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பயனில்லை. தெருவிளக்கும் ஏறிவிட்டது.

அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. மாமியாருக்கு உப்பு வேண்டியிருந்தது. மகளைப் பார்த்தார்; மகள் கணவனைப் பார்த்தாள்; கணவன் உப்பைப் பார்த்தார்.

"ஜாடையும் பேச்சுதான்," என்றார் செயலாளர், மூன்றாவது துண்டை எதிர்ப்புடன் எடுத்தபடி.

அடுத்த யோசனை மனைவியுடையது. "மூணு பேர் சேர்ந்தாத்தானே கூட்டம்? ரெண்டு ரெண்டு பேராச் சாப்பிடுவோம். ஏழு மணிக்கு நானும் அம்மாவும். எட்டு மணிக்கு நானும் நீங்களும்."

"அற்புதம்!" என்றார் தையல்காரர்.

அன்று எட்டு மணிக்கு மனைவி சாப்பாட்டுக்கு நடுவே சொன்னாள்: "பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போடணும்னு அம்மா சொல்றாங்க."

சமையலறை வாசலில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"தலைவி உங்ககிட்டச் சொல்றாங்க. நீங்க இவர்கிட்டச் சொல்றீங்க. மூணு பேரும் ஒரே விஷயத்தைப் பேசியாச்சு. ஒரே நேரத்துல உக்காரலையே தவிர, கூட்டம் கூட்டம்தான். இதுக்குச் சங்கிலிக் கூட்டம்னு பேரு. இது இன்னும் மோசம், ஏன்னா மறைச்சு நடத்தறது."

"சார், நீங்க எப்ப வந்தீங்க?"

"ஏழு மணிக்கே வந்துட்டேன். ரெண்டு அமர்வு இல்லையா? ரெண்டுக்கும் நான் இருந்தாகணும்."

இரண்டு அமர்விலும் அவர் எதிர்ப்பைப் பதிவு செய்திருந்தார். தையல்காரர் மறுநாளிலிருந்து ஒரு கை அரிசி கூடப் போட்டார்.

ஆம், சமையல் அவருடையதுதான். மனைவி பஸ்ஸிலும் மாமியார் அரசியலிலும் இருக்க, ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து அடுப்பைப் பற்றவைப்பவர் அவர். அதற்காக யாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதில்லை. மனைவி அடுத்த நிறுத்தம் வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்பது போலச் சாப்பிடுவாள். மாமியார், "பரவாயில்லை மாப்பிள்ளை" என்பார். அவர் அகராதியில் அதற்கு மேல் விருது கிடையாது.

ஒரு வாரம் இப்படி ஓடியது. கடைசியில் மாமியார் கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்ன நாம என்ன பூனையா? கூட்டம்னா கூட்டமாவே இருக்கட்டும். அறிவிப்பு ஒட்டுங்க சார். கதவைத் திறந்து வைங்க. எவன் வர்றான்னு பாப்போம். நாம சாப்பிடறதைப் பாக்க யாருக்கு வேலையத்துப் போச்சு?"

ஊரில் எத்தனை பேருக்கு வேலையற்றுப் போயிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மன்ற அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஏறியது. இடம்: தையல்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசை. நேரம்: இரவு எட்டு மணி. பொருள்: சாப்பாடு மற்றும் இதர விஷயங்கள்.

முதல் நாள் பக்கத்து வீட்டு அக்காவும் கடிகாரம் ரிப்பேர் செய்பவரும் மட்டும் வந்தார்கள். இரண்டாம் நாள் அக்கா தன் நாத்தனாரைக் கூட்டி வந்தாள். வாரக் கடைசியில் பள்ளிக்கூடத்திலிருந்து பெஞ்சுகள் வந்து இறங்கின. சன்னலுக்கு வெளியே நின்றவர்கள், உள்ளே இருப்பவர்களைத் தலையைத் தாழ்த்தச் சொல்லிக் கத்தினார்கள்.

விதிப்படி பொதுமக்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். முதல் நாளே கடிகாரக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"நான் மூணு நாளா, மன்னிக்கணும், முக்கால் மணி நேரமாக் கவனிக்கிறேன். தையல்காரர் மாமியாருக்கு மட்டும் நடுத்துண்டு வைக்கிறாரு. கட்டின பொண்டாட்டிக்கு வால். இது பாரபட்சம் இல்லையா?"

"அப்படிக் கேளுங்க!" என்றாள் மனைவி.

"கவுன்சிலர் குறுக்கே பேசக் கூடாது," என்றார் செயலாளர்.

"பெரியவங்களுக்கு முள்ளு ஆகாதேன்னு வச்சேன்," என்றார் தையல்காரர்.

"யாரு பெரியவ?" என்றார் மாமியார்.

அத்தனையும் மினிட்ஸில் ஏறியது. மறுநாள் காலை அது பலகையில் ஒட்டப்பட்டது. ஊரே அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனது. பஸ்ஸில் ஒரு பயணி டிக்கெட் வாங்கும்போது, "நேத்து வீட்டுக்காரரை ரெண்டு தடவை முறைச்சீங்களாமே, மூணாம் பக்கத்துல இருக்கு," என்றான். கடையில் கால்சட்டைக்கு அளவு கொடுத்த பல் டாக்டர், அவரும் ஒரு கவுன்சிலர்தான், "உங்க மாமியார் உங்களை 'மாப்பிள்ளை'ன்னு கூப்பிட்டது மொத்தம் பதினோரு தடவை. அதுல கோபமா ஒன்பது," என்று கணக்குச் சொன்னார்.

அதற்கும் மேலே ஒன்று உண்டு என்று தையல்காரர் நினைக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா எழுந்து நின்று அதையும் நடத்தி வைத்தாள்.

"இந்த வீட்டு வாசல்ல சாக்கடை மூடி உடைஞ்சு ஆறு மாசம் ஆச்சு. இத்தனை கவுன்சிலர் இருந்து என்ன பிரயோசனம்?"

"மூடி போடத் தீர்மானம்..." என்று வாயெடுத்தார் மாமியார்.

செயலாளர் கையை உயர்த்தினார். "சொந்த நலன்! இது உங்க வீட்டு வாசல் மூடி. இந்த மூடியால ஆதாயம் அடையப்போறது நீங்க. சொந்த நலன் இருக்கறவங்க பேசவும் கூடாது, ஓட்டுப் போடவும் கூடாது, அந்த அறையிலயே இருக்கக் கூடாது. மூணு பேரும் வெளிய போங்க."

"எங்க சாப்பாட்டை விட்டுட்டு எங்களையே போகச் சொல்றீங்களா?"

"சாப்பாட்டுக்கு ஆட்சேபணை இல்லை. தட்டை எடுத்துக்கிட்டுப் போகலாம்."

மூவரும் தட்டோடு கொல்லைப்புறம் போனார்கள். செயலாளர் சன்னலில் தலையை நீட்டினார்.

"மூணு பேரும் ஒண்ணா நிக்காதீங்க! அது இன்னொரு கூட்டம்!"

ஆகவே மாமியார் கொல்லையில் நின்றார். மனைவி வாசலில், உடைந்த மூடிக்குப் பக்கத்தில் நின்றாள். தையல்காரர் மொட்டை மாடிக்கு அனுப்பப்பட்டார். தண்ணீர்த் தொட்டியின் மேல் தட்டை வைத்துக்கொண்டு, கீழே தன் வீட்டிலிருந்து எழும் கைதட்டலைக் கேட்டபடி அவர் சாப்பிட்டார். நிலா பொத்தான் பிய்ந்த சட்டை போல ஒரு மேகத்துக்குள் பாதி திறந்து கிடந்தது.

அரை மணி கழித்து இறங்கி வந்தபோது, கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாததால் தீர்மானத்தை எடுக்க முடியவில்லை என்று செயலாளர் அறிவித்தார். மேசையில் மீன் சட்டி பளபளவென்று காலியாக இருந்தது.

"சட்டியில பாதி வச்சிட்டுப் போனேனே!"

"பொதுமக்கள் பங்கேற்பு," என்றார் செயலாளர், கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே.

அன்று எல்லோரும் கலைந்த பிறகு, படுக்கையறையில் தையல்காரர் மனைவியிடம் மெதுவாகப் பேச்செடுத்தார். இரண்டு பேர்தானே, பேசலாம்.

"இந்த வீட்டுல மூணு கவுன்சிலர் இருக்கறதுதான் பிரச்சினை. ஒருத்தர் விலகிட்டா?"

"யாரு?"

"அதான் கேக்கறேன்."

"அம்மாவைக் கேட்டுத்தான் சொல்லணும்."

"கேட்டா சங்கிலி ஆயிடும்."

"அப்போ நாளைக்கு அஜெண்டாவுல போடச் சொல்லுவோம்."

"நம்ம மூணு பேர்ல யார் வேண்டாம்னு ஊர் முன்னாடி ஓட்டெடுக்கவா? கடிகாரக்காரர் மூணு நிமிஷம் பேசுவாரு!"

மனைவி விளக்கை அணைத்தாள். பிறகு, கண்டக்டர் குரல் துளியும் இல்லாத ஒரு குரலில் சொன்னாள்: "ரெண்டு மாசம் ஆச்சுங்க. உங்ககூட நிம்மதியா ஒரு சண்டை போடக்கூட முடியல. நீங்க கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணலாம்னு வந்தா, எதிர்ல பெஞ்சு போட்டு நாப்பது பேர் உக்காந்திருக்காங்க."

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் தையல்காரர் தைக்க உட்காரவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். மூன்று தோல்வி, ஒரு வெற்றி, ஏழு வாக்கு. எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கு வரி போதுமானதாக இருந்தது. சாம்பல் நிறக் கோட்டைக் கடைசி முறையாகப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்களுக்கு எதிர்த் திசையில் மன்ற அலுவலகத்துக்கு நடந்தார்.

செயலாளர் கடிதத்தை ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். அவர் முகம் வெளுத்தது.

"ராஜினாமாவா? எதுக்கு?"

"நான் விலகிட்டா வீட்டுல ரெண்டு பேர்தானே சார். கூட்டம் கிடையாது. அறிவிப்பு, பெஞ்சு, மினிட்ஸ் எதுவும் வேண்டாம். நீங்களும் தினமும் அலைய வேண்டாம்."

"நான் அலையறேன்னு எப்பவாவது சொன்னேனா?" செயலாளரின் குரல் கம்மியது. "அவசரப்படாதீங்க. ஓட்டுப் போட்ட ஜனங்களை நினைச்சுப் பாருங்க. வேணும்னா பெஞ்சை எடுத்துடலாம். பொதுமக்களைச் சன்னலோட நிறுத்திடலாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறைகூட விடலாம். இல்ல... ஞாயிறு வேண்டாம், செவ்வாய் விடலாம்."

தன்னை ஒரு கவுன்சிலராக இந்த மனிதர் இவ்வளவு மதித்திருக்கிறார் என்று தையல்காரருக்கு இதுவரை தெரியாது. ஆனாலும் முந்தின இரவின் அந்தக் குரல் காதில் இருந்தது.

"முடிவு பண்ணிட்டேன் சார். முத்திரை போடுங்க."

"பதிவேட்டுல ஏறிட்டா திரும்ப வாங்க முடியாது. விதி."

"விதியை மீறி உங்ககிட்ட எப்பவாவது எதாவது கேட்டிருக்கேனா?"

முத்திரை மெல்ல, மிக மெல்ல விழுந்தது. செயலாளர் கைக்குட்டையை எடுத்தார். இந்த முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்து தையல்காரர் கோட்டைக் கழற்றி, கடையில் துணி மடிப்பது போல நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். வாசலில் இரவுக் காவலாளி வேலை முடிந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். பதினைந்து வருஷமாக இந்த வாசலில் இருப்பவர். ஊரே வேடிக்கை பார்த்த அந்தச் சாப்பாட்டை ஒரு நாளும் வந்து பார்க்கக் கொடுத்துவைக்காதவர்.

"என்னண்ணே, கோட்டு கைக்கு வந்துடுச்சு?"

"ராஜினாமா பண்ணிட்டேன்ப்பா."

"ஐயோ, ஏண்ணே?"

"வேற வழி? ஒரே வீட்டுல மூணு கவுன்சிலர் இருந்தா, சாப்பிட உக்கார்றதுகூட மன்றக் கூட்டம்னு விதி இருக்கே."

காவலாளி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தையல்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னண்ணே சொல்றீங்க? போன மன்றத்துல மரக்கடை அண்ணன் தம்பி மூணு பேரும் கவுன்சிலரா ஒரே வீட்டுலதானே இருந்தாங்க! செயலாளர் ஐயா அங்கயும் புத்தகத்தைத் தூக்கிட்டுப் போய் ஒரே ஒரு வேளை சாப்பிட்டாரு. மறுநாள் காலையிலேயே, 'இந்த விதி ஒரே குடும்பத்துக்குப் பொருந்தாது'ன்னு அவரே எழுதி முத்திரை குத்திட்டாரு... அவங்க வீட்டுச் சமையலை வாயில வைக்க முடியாது!"